களிக்கு ஓர் அடுப்பு

தருமபுரிப் பக்கத்து வீடுகளுக்குள் கேஸ் அடுப்பு வந்து பல வருஷம் ஆகிவிட்டது. விறகடுப்பு மட்டும் இன்னும் வெளியேறவில்லை. சிலிண்டர் விலையைச் சொல்வார்கள், வறுமையைச் சொல்வார்கள். இரண்டும் உண்மை. மூன்றாவதாக ஒரு காரணம் இருக்கிறது. எந்த அறிக்கையிலும் அதை நான் படித்ததில்லை. களிதான் அந்தக் காரணம்.

கேழ்வரகுக் களி கிண்டுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு இது புரியும். முதலில் உலை கொதிக்க வேண்டும். ஒரு பிடி நொய்யைப் போட்டு, அது குழைந்ததும் மாவைக் குவியலாகக் கொட்டுவார்கள். உடனே கிளறிவிடக் கூடாது. கிளறினால் கட்டி தட்டும். துடுப்புக் காம்பால் குவியலின் நடுவில் ஒரு குழி போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். உலைநீர் அந்தக் குழி வழியாகப் பொங்கிப் பொங்கி மாவை உள்ளிருந்து வேகவைக்கும். அதுவரை தீ ஒரே சீராக எரிந்தாக வேண்டும். பிறகு பானையைக் கவைக்கோலால் முட்டுக்கொடுத்து, கோலைக் காலால் மிதித்துப் பிடித்துக்கொண்டு, துடுப்பை இரண்டு கையாலும் சுழற்ற வேண்டும். தோள்பட்டையிலிருந்து இடுப்பு வரை உடம்பு முழுவதும் அந்தச் சுழற்சியில் இறங்கும். எட்டுப் பேருக்குக் களி கிண்டி முடித்த பெண்ணின் முகத்தைப் பார்த்தால் களத்தில் வேலை செய்துவிட்டு வந்தவள் என்றுதான் நினைப்போம்.

பென்னாகரம் பக்கம் இருக்கும் என் பெரியம்மாவிடம் ஒருமுறை, கேஸிலேயே களி செய்யலாமே என்று கேட்டேன். "கேஸுல வெச்சுக் கிண்டிப் பாரு கண்ணு, அடுப்பும் சேந்து சுத்தும்" என்றாள். அவள் வீட்டுச் சமையலறை மேடையில் கேஸ் அடுப்பு துடைத்து வைக்கப்பட்டிருக்கிறது. காலைக் காபிக்கும், திடீரென்று யாராவது வந்துவிட்டால் ரசம் வைக்கவும், காய்ச்சல்காரருக்குக் கஞ்சி காய்ச்சவும் அதைப் பற்றவைப்பாள். கொல்லைப்புறத்துச் சாய்ப்பில் மண் அடுப்பு எரிகிறது. மண்ணோடு மண்ணாக ஒட்டிய அடுப்பு. எவ்வளவு பலம் போட்டாலும் நகராது.

அந்த ஒரு வீட்டில் எத்தனை விதமான தீ எரிகிறது என்று எண்ணத் தொடங்கினால் வியப்பாக இருக்கும். பட்டுப்புழு இலையைத் தின்றது போக மிஞ்சும் மல்பெரிக் குச்சி குபுகுபுவென்று எரிந்து சீக்கிரம் அணையும், வெந்நீருக்கு அது. துவரை மிளாறு பற்றவைக்க. களிக்கும், அவரைக்கொட்டைக் குழம்புக்கும் கணகணவென்று நின்று எரிய வேலிக்காத்தானோ புளியங்கட்டையோ வேண்டும். பால் நாள் முழுக்க ஏடு கட்டிக் காய வரட்டியின் நீறுபூத்த சூடு. இதற்கு மேல் கேஸ். இருட்டினால் மின்விளக்கு. தெருமுனையில் சூரியத்தகடு வைத்த கம்பம். புது எரிபொருள் வந்ததும் பழையது போய்விடும், மக்கள் ஒவ்வொரு படியாக ஏறுவார்கள் என்றுதான் திட்டம் வகுத்தவர்கள் நெடுங்காலம் நம்பினார்கள். 2006க்குப் பிறகு தமிழக அரசு இலவச கேஸ் இணைப்பும் அடுப்பும் கொடுத்தது. 2016 மே மாதம் ஒன்றிய அரசின் உஜ்வாலா கேஸ் திட்டம் வந்தது. இரண்டுமே நல்ல காரியங்கள். ஆனால் யாரும் படி ஏறவில்லை. பழையதைக் கீழே வைக்காமல் புதியதையும் சேர்த்துக்கொண்டார்கள். ஒவ்வொரு வேலைக்கும் அதற்குரிய தீயை அவர்களே பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். இந்தப் பிரிவினையில் இருக்கும் அறிவை மதிக்காமல் எந்த மாற்று எரிசக்தித் திட்டமும் இந்த மாவட்டத்தில் நிற்காது என்பது என் எண்ணம்.

விறகடுப்பைப் போற்றிப் பாட நான் வரவில்லை. ஊதுகுழலை ஊதி ஊதிக் கண் சிவந்த பெண்களின் நடுவில் வளர்ந்தவன். மூன்று கல் அடுப்பில் விறகின் சூட்டில் பத்தில் ஒரு பங்குதான் பானைக்குப் போகிறது. மீதி காற்றுக்கும் சுவருக்கும். புகை நுரையீரலுக்கு. புகையில்லா அடுப்பு என்று 1980களில் நாடு முழுக்க ஒரு பெரிய திட்டம் தொடங்கி 2002இல் நின்றுபோனது. பல ஊர்களில் அந்த அடுப்பு உள்ளூர்ப் பானையின் வாய்க்குப் பொருந்தவில்லை. புகைபோக்கியில் கரி அடைத்தபோது சுத்தம் செய்ய ஆள் இல்லை. களி கிண்டுகிற இடத்தில் களி கிண்டிப் பார்க்காமல் ஓர் அடுப்பை வடிவமைக்கக் கூடாது. இவ்வளவு எளிய விஷயம்தான்.

விறகு வீட்டுக்கு எப்படி வருகிறது என்பதைப் பேசாமல் விறகைப் பேச முடியாது. அது தலையில் வருகிறது. பெண்ணின் தலையில்.

பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் அமுல்ய ரெட்டி 1974இல் ஊர்ப்புறத் தொழில்நுட்பத்துக்கென்று 'அஸ்திரா' என்ற அமைப்பைத் தொடங்கினார். மின்வேதியியல் படித்த மனிதர். அவரும் அவருடைய தோழர்களும் குணிகல் வட்டத்தில் புரா என்ற சின்ன ஊரில் போய் உட்கார்ந்து, அந்த ஊர் ஒரு நாளில் செலவழிக்கும் சக்தி முழுவதையும் கணக்கெடுத்தார்கள். கேழ்வரகு சாப்பிடும் வறண்ட ஊர்தான் அதுவும். நம் மாவட்டத்துக்கு நெருங்கிய உறவு என்று சொல்லலாம். மண்ணெண்ணெய், மின்சாரம் என்று கணக்கை நிறுத்திக்கொள்ளாமல் மாட்டின் உழைப்பையும் மனிதர்களின் உழைப்பையும் மணிக்கணக்கில் அளந்தார்கள். ஊரின் சக்தியில் மிகப் பெரும் பங்கு விறகு என்று தெரிந்தது. அந்த விறகுக்காக ஒரு வீடு சராசரியாக ஒரு நாளைக்கு இரண்டரை மணி நேரத்துக்கு மேல் செலவழிக்கிறது, ஐந்து கிலோமீட்டருக்கு நெருக்கமாக நடக்கிறது என்றும் தெரிந்தது. எங்கள் ஊர்ப் பெண்கள் யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள். ஆனால் கேட்கவேண்டும் என்று ஓர் அறிவியலாளருக்குத் தோன்றியதே, அதற்காக ரெட்டியை நான் மிகவும் மதிக்கிறேன்.

அரூர் வட்டத்தில், சித்தேரி மலை அடிவாரத்தில் இந்தத் தலைச்சுமைக்கு இன்னொரு பாரமும் உண்டு. காட்டுக்குள் போகிற ஆளைத் திருடனாகப் பார்க்கும் பார்வை அது. 1992 ஜூன் 20 அன்று சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வாச்சாத்தி என்ற ஊருக்குள் நுழைந்த வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் செய்த கொடுமையை இங்கே விவரிக்க வேண்டியதில்லை. 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். ஊரே சூறையாடப்பட்டது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்று தருமபுரி நீதிமன்றம் 2011 செப்டம்பரில் தீர்ப்பளித்தது. 2023 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. உயர் நீதிமன்றத்திலும் தீர்ப்பு உறுதியாக முப்பத்தொரு வருஷம். எரிசக்தி பற்றிய கட்டுரையில் வாச்சாத்தி எதற்கு என்று ஒருவர் கேட்கலாம். காட்டின் சந்தனம் அரசின் சொத்து, காட்டின் சுள்ளி ஏழையின் அடுப்பு. இரண்டும் ஒரே காட்டில்தான் இருக்கின்றன. சுள்ளி பொறுக்கப் போகும் பெண் யாருக்குப் பயப்பட வேண்டியிருக்கிறது என்பதும் அந்தச் சுள்ளியின் விலையில் அடக்கம்.

கேஸ் சிலிண்டர் அந்தப் பயத்தைக் கொஞ்சம் குறைத்தது. அதற்காகவே அது வேண்டும். ஆனால் 14.2 கிலோ கேஸும், அதைவிடக் கனமான இரும்புமாகச் சேர்ந்த அந்த உருளை மலை ஏற வேண்டுமே! மாவட்டத்தின் கோட்டூர் மலைக்குத் தேர்தல் சமயத்தில் வாக்கு இயந்திரங்கள் கழுதை முதுகில் ஏறிப் போவதைப் பத்திரிகைகள் படம்பிடித்துப் போடுகின்றன. தேர்தல் முடிந்ததும் படக்காரர்கள் இறங்கிவிடுகிறார்கள். அரிசியும் உப்பும் ஏற வேண்டிய பாதை அப்படியேதான் இருக்கிறது. சாலை இல்லாத இடத்தில் எந்தப் புது எரிபொருளும் கடைசி நாலு மைலைப் பழைய எரிபொருளால்தான் கடக்கிறது: ஒரு கழுதை, இல்லையென்றால் ஒரு தலை.

கணக்கில் வராத சக்திகளைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் சி.வி. சேஷாத்ரி நினைவுக்கு வருகிறார். ரசாயனப் பொறியாளர், கான்பூர் ஐஐடியில் பேராசிரியராக இருந்தவர். 1977இல் சென்னையில் முருகப்பச் செட்டியார் ஆராய்ச்சி மையத்தைத் தொடங்கி நடத்தினார். 1982இல் வளர்ச்சியையும் வெப்ப இயக்கவியலையும் பற்றி அவர் எழுதிய சிறு நூல் நம்மூரில் அதிகம் பேசப்படாதது வருத்தம். நாம் படிக்கும் பாடத்தில் சக்தி என்றால் வேலை வாங்கக் கூடியது. அதிக வெப்பத்தில் எரிவது உயர்ந்த ரகம், சுற்றுச்சூழலின் சூட்டிலேயே மெல்ல நடப்பது தாழ்ந்த ரகம். இந்த வரையறையே நீராவி எஞ்சின் பிறந்த நாடுகளின் தேவையிலிருந்து வந்தது என்றார் சேஷாத்ரி. பருவமழையும் பயிரின் வளர்ச்சியும் நம் வெயிலில் நடக்கும் ஆயிரம் வேலைகளும் இந்த அளவுகோலில் ஒன்றுமில்லாததாகிவிடும். பிறகு அந்த வேலைகளைச் செய்து பிழைப்பவர்களும் ஒன்றுமில்லாதவர்களாகிவிடுவார்கள். இதுதான் அவருடைய கவலை.

தை, மாசியில் தருமபுரிச் சாலைகளில் போனவர்கள் இதைக் கண்ணால் பார்த்திருக்கலாம். தார்ச்சாலையின் ஒரு பாதியில் கேழ்வரகுத் தாளையோ கொள்ளையோ பரப்பியிருப்பார்கள். பேருந்தும் லாரியும் அதன்மேல் ஏறிப் போகும். இரண்டு மணி நேரத்தில் போரடித்தாகிவிட்டது. பிறகு காற்று வீசும் திசை பார்த்து முறத்தைத் தூக்கிப் பிடித்து ஒரு பெண் தூற்றுவாள். யாரோ வாங்கிப்போட்ட டீசல் கதிரை மிதித்தது, காற்று பதரைப் பிரித்தது, தாரில் ஏறிய வெயில் மணியைக் காயவைத்தது. இரு சக்கர வண்டிக்காரர்கள் சறுக்கி விழுந்திருக்கிறார்கள். காவல்துறை எச்சரிக்கை விடுகிறது. எச்சரிக்கை நியாயம்தான். ஆனால் களம் ஏன் சாலைக்கு வந்தது? பொதுக் களங்கள் பலவற்றில் கட்டடம் எழும்பிவிட்டது. போரடிக்க மாடு இல்லை. இயந்திரத்துக்கு வாடகை கொடுக்க அரை ஏக்கர்க்காரரால் முடியாது. புளியையும் இதே வெயில்தான் காயவைக்கிறது. பங்குனியில் உலுக்கி, ஓடு நீக்கி, கொட்டை எடுத்து, பாயில் பரப்பி, பொழுது சாய்ந்ததும் அள்ளி உள்ளே வைத்து, மறுநாள் மறுபடி பரப்புவார்கள். இந்த வெயிலுக்கு யூனிட் கணக்கு இல்லை என்பதால் இதைச் சூரிய சக்தி என்று யாரும் சொல்வதில்லை. கண்ணாடித் தகட்டின் மேல் விழும் வெயில்தான் புள்ளிவிவரத்தில் ஏறுகிறது.

தண்ணீருக்கு வருவோம். இந்த மாவட்டத்தின் கதை முழுக்கத் தண்ணீர் இறைத்த கதைதான்.

கவலை ஏற்றம் ஓடியதைப் பார்த்த கிழவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கிணற்று மேட்டிலிருந்து சரிவாக இறங்கும் பாதை. அதில் இரண்டு மாடுகள் இறங்கும்போது வடக்கயிறு இழுபட்டுச் சால் மேலே வரும். சாலின் அடியில் தைத்த தோல்வாலை இன்னொரு கயிறு மடக்கிப் பிடித்திருக்கும். மேலே வந்ததும் அது தளர்ந்து தண்ணீர் வாய்க்காலில் கொட்டும். மாடுகள் பின்னோக்கி ஏறும். விடியும் முன்பே தொடங்கி வெயில் ஏறும்வரை இதே நடை. மாட்டுக்கும் ஆளுக்கும் உயிர் போகும் உழைப்பு. அதைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று யாராவது சொன்னால் அவரை ஒரு நாள் கவலை ஓட்டச் சொல்ல வேண்டும். ஆனால் அந்த உழைப்புக்குள்ளேயே ஒரு வரம்பு இருந்தது. வடக்கயிறு எவ்வளவு நீளமோ அவ்வளவுதான் கிணறு ஆழம். மாடு களைத்தால் கிணறும் ஓய்வெடுத்தது. ராத்திரியில் ஊற்று ஊறியது.

ஆயில் எஞ்சின் வந்தது. பின்னாலேயே கரண்ட் மோட்டார். 1984இல் சிறு விவசாயிகளுக்கும், 1990இல் எல்லா விவசாயிகளுக்கும் தமிழகத்தில் பம்புசெட் மின்சாரம் இலவசமானது. இன்று மாநிலத்தில் 20 லட்சத்துக்கும் மேல் விவசாய இணைப்புகள். இலவச மின்சாரத்தைச் சாடும் பட்டணத்துக் கட்டுரைகளோடு எனக்கு உடன்பாடில்லை. காவிரி மாவட்டத்தின் ஓரத்தில் ஓடினாலும் மேட்டு வயலுக்கு அது ஏறாது. வாய்க்கால் பாசனக்காரருக்குப் புவியீர்ப்பு இலவசமாகச் செய்கிற வேலையைத்தான் கிணற்றுப் பாசனக்காரர் மின்சாரத்தால் செய்கிறார். ஒன்றுக்குப் பெயர் பாசனம், இன்னொன்றுக்குப் பெயர் சலுகை என்பது நியாயமில்லை.

ஆனால் வரம்பு போய்விட்டது. கிணற்றுக்குள் பக்கப் போர் போட்டார்கள். பிறகு கிணற்றை விட்டுவிட்டு நிலத்தில் போர். திருச்செங்கோட்டு ரிக் லாரிகள் ராத்திரியெல்லாம் இரைந்து இருநூறு, ஐநூறு, ஆயிரம் அடி என்று இறங்கின. துளைக்க டீசல், இறைக்க மின்சாரம். ஒவ்வொரு அடி இறங்கும்போதும் அதே ஒரு குடம் தண்ணீருக்கு அதிக சக்தி. இது பள்ளிக்கூடப் பாடம்தான்: நாற்பது அடியிலிருந்து தூக்குவதைவிட எண்ணூறு அடியிலிருந்து தூக்க இருபது மடங்கு வேலை. பம்பின் குதிரைத்திறன் ஏறியது, பக்கத்துத் தோட்டத்துப் போர் காய்ந்தது, அவரும் இன்னும் ஆழம் போனார்.

ஆழத்தில் இருந்த தண்ணீர் வேறு தண்ணீர். இந்த மாவட்டத்தின் அடிப்பாறை கடினமான கிரானைட், நைஸ் வகை. அதிலுள்ள சில தாதுக்களிலிருந்து ஃபுளூரைடு மெல்லக் கரையும். பாறை இடுக்கில் நீண்ட காலம் தேங்கிய நீரில் அது கூடிக்கொண்டே போகும். லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்பது வரம்பு. மாவட்டத்தின் பல ஊர்களில் அதைத் தாண்டியது. விவசாயப் போர் மட்டும் இதற்குக் காரணமில்லை. குடிநீருக்கென்று போட்ட அடிபம்புகளும் அதே பாறையைத்தான் துளைத்தன. பிள்ளைகளின் பல்லில் காவிக்கறை படிந்தது. வயதானவர்களுக்கு முட்டி மடங்கவில்லை, முதுகு வளைந்தது. கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தவர்கள் பல்லைப் பார்த்துவிட்டுப் போன கதைகளைச் சொல்ல எல்லா ஊரிலும் ஆள் உண்டு. ஏற்றம் இறைத்த முதுகுக்கு ஓய்வு கொடுக்க வந்த சக்தி, அடுத்த தலைமுறையின் முதுகை வேறு வழியில் வளைத்துவிட்டது. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. இதை எழுதும்போது எனக்குக் கோபத்தைவிட வேதனைதான் அதிகம்.

அதைச் சரிசெய்ய மறுபடி சக்திதான் தேவைப்பட்டது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு 2008 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். ஜப்பானியக் கடனோடு, 1,900 கோடி ரூபாய்க்கும் மேல் செலவில் கட்டி, 2013 மே மாதம் தொடங்கிவைத்தார்கள். பெயரிலேயே ஃபுளூரோசிஸ் தணிப்பு என்று சேர்த்திருந்தார்கள். காவிரி நீரைச் சுத்திகரித்து, பள்ளத்திலிருந்து பென்னாகரம் மேட்டுக்கு ஏற்றி, அங்கிருந்து தருமபுரி, கிருஷ்ணகிரி இரு மாவட்டங்களுக்கும் குழாயில் அனுப்புகிறார்கள். பம்பு நிற்கிற நாளில் குடம் பழைய போருக்குப் போகிறது. கீழே பாய்கிற ஆற்றின் வேகத்தில் மின்சாரம் எடுக்க ஒகேனக்கல்லில் ஒரு நீர்மின் திட்டம் பல பத்தாண்டுகளாகக் காகிதத்தில் கிடக்கிறது. இரு மாநிலங்களின் வழக்கு அதை எழவிடவில்லை. இன்னும் கீழே, 1934இல் கட்டி முடித்த மேட்டூர் அணையின் நீர் பின்வாங்கி நாகமரை வரை நிற்கிறது. அணை அடிவாரத்தில் 1937லிருந்து மின்சாரம் எடுக்கிறார்கள். அணை நிறைந்தால் நாகமரைப் பக்கத்து வயல்களுக்குள் தண்ணீர் ஏறும், வற்றினால் அதே வண்டலில் ஒரு வெள்ளாமை. மின்சாரம் அந்த ஊர்க்காரர்களைத் தாண்டித்தான் போயிற்று.

மின்சாரம் செய்த நல்லதைச் சொல்லாமல் போனால் பாவம். இந்த மாவட்டத்துப் பெண்களுக்கு அது செய்த முதல் நன்மை விளக்கு இல்லை, மாவு மிஷின். அதற்கு முன் முதல் கோழி கூவும்போதே ராகிக்கல் முன்னால் உட்கார வேண்டும். ஒரு கை கல்லைச் சுற்ற, ஒரு கை தானியத்தை அள்ளிப் போட, வீட்டுக்குத் தேவையான மாவு விழ ஒரு மணி நேரத்துக்கு மேல். இதற்குப் பிறகுதான் தண்ணீர், சாணி, சமையல். மிஷின் வந்ததும் அந்த ஒரு மணி நேரம் அவர்கள் வாழ்க்கையிலிருந்து உண்மையாகவே குறைந்தது. தூக்கமாகத் திரும்பக் கிடைத்தது. 2011இல் அரசு கொடுத்த மிக்சி, கிரைண்டர், மின்விசிறியைக் கேலி செய்தவர்கள் ஆட்டுக்கல்லில் உட்கார்ந்தவர்கள் இல்லை.

மாட்டுச்சாண வாயு இங்கே ஏன் பரவலாக நிலைக்கவில்லை என்பதற்கும் பதில் தண்ணீரில்தான் இருக்கிறது. ஒரு சின்னக் குடும்பக் கலனுக்குத் தினம் ஐம்பது கிலோ சாணமும் அதே அளவு தண்ணீரும் வேண்டும்; நாலைந்து மாடுகள். டிராக்டர் வந்து உழவு மாடு போயிற்று, வறட்சியில் கறவை மாடும் சந்தைக்குப் போயிற்று. குடிக்கவே தண்ணீர் இல்லாத கோடையில் கலனுக்கு யார் ஊற்றுவார்கள்? கலன் மூடி துருப்பிடித்துக் கிடக்கிற தொழுவங்களைப் பார்த்துவிட்டு மக்களுக்கு ஆர்வமில்லை என்று எழுதிவிட்டுப் போவது அநியாயம்.

2011இல் தமிழக அரசு தொடங்கிய பசுமை வீடுகளும் அப்படித்தான். 300 சதுர அடி, 1.80 லட்சம் ரூபாய், ஐந்து சூரிய விளக்குகள். குடிசையிலிருந்து கான்கிரீட் கூரைக்கு வந்தவர்களுக்கு அது பெரிய விஷயம். நான் போன சில வீடுகளில் பேட்டரி செத்துப் பல காலமாகிறது. மாற்றுப் பேட்டரி வாங்கப் பணமில்லை, பழுது பார்க்க வட்டாரத்தில் ஆளில்லை.

நான் பார்த்தவற்றில் மிகவும் நிறைவாக இயங்கும் சக்தி ஏற்பாடு எந்தத் துறையும் உருவாக்கியதில்லை. அது வெல்ல ஆலைக் கொட்டாய். பாலக்கோடு, கடத்தூர்ப் பக்கங்களில் கரும்புப் பருவத்தில் போனால் அரை மைல் முன்பே வாசனை வரும். கரும்பை நசுக்கிச் சாறு எடுக்கும் இயந்திரம் மோட்டாரில் ஓடுகிறது. அந்தக் காலத்தில் மாடு சுற்றியது. வெளியே வரும் சக்கையைக் களத்தில் பரப்பிவிடுகிறார்கள். இரண்டு மூன்று நாள் வெயிலில் அது மொறமொறவென்று காய்ந்துவிடும். கொப்பரைக்கு அடியில் பள்ளமாகத் தோண்டிய அடுப்பின் வாயில் ஒருவர் குந்தியிருந்து, காய்ந்த சக்கையைக் கை கையாகத் தள்ளிக்கொண்டே இருப்பார். நேற்று வந்த கரும்பின் சக்கை இன்று வந்த கரும்பின் சாற்றைக் காய்ச்சுகிறது. வெளியிலிருந்து ஒரு கட்டை விறகு வாங்குவதில்லை. கொப்பரை மேல் நிற்பவர் நுரையின் நிறம் பார்த்து ஒரு சத்தம் கொடுத்தால் கீழே இருப்பவர் கையை நிறுத்துவார். ஒரு பிடி அதிகம் விழுந்தாலும் பாகு முறுகி நிறம் கறுக்கும். வெப்பமானி கிடையாது. சாம்பல் திரும்ப வயலுக்குப் போகிறது. மழை பிடித்துக்கொண்டால் சக்கை காயாது, ஆலை நிற்கும். சர்க்கரை ஆலைகளின் பெரிய கொதிகலன்களும் இதே சக்கையைத்தான் எரிக்கின்றன, மின்சாரமும் எடுக்கின்றன. அதைத்தான் மாற்று எரிசக்தி என்று பட்டியலில் எழுதுகிறார்கள். கொட்டாயில் குந்தியிருப்பவரை எந்தப் பட்டியலிலும் காணோம். நாள் முழுக்க அந்த அனலில் இருப்பவருக்கு ஒரு புகைபோக்கியும், அடுப்புக்குள் காற்று சரியாகப் போக ஓர் ஏற்பாடும் செய்து கொடுத்தால் போதும். சக்கையும் மிஞ்சும், அவர் நெஞ்சும் தப்பும்.

இப்போது வருவது சூரிய பம்பு. மானியம் தாராளமாகக் கிடைக்கிறது. மும்முனை மின்சாரத்துக்காக ராத்திரி எழுந்து, பாம்புக்குப் பயந்து தோட்டத்துக்குப் போக வேண்டியதில்லை. வெயிலில் ஓடும், வெயில் போனால் நிற்கும். அந்த ஒரு நன்மைக்காகவே அதை வரவேற்கிறேன். ஆனால் ஆயிரம் அடிப் போரில் அதை இறக்கினால் என்ன நடக்கும் என்பதை இந்த மாவட்டம் ஒருமுறை பார்த்துவிட்டது. வெயிலுக்குக் கட்டணம் கிடையாது, நிலத்தடி நீருக்கு அளவுண்டு. அதனால் ஒரு யோசனை. திறந்த கிணற்றில் வைக்கும் சூரிய பம்புக்கு மானியத்தைக் கூட்ட வேண்டும், ஆழ்துளைக்குக் குறைக்க வேண்டும். பட்டு நூற்கும் கொட்டகைகளில் கூடு வேகவைக்கும் தண்ணீரைப் பாதிச் சூடு வரை வெயிலே ஏற்றிக் கொடுத்துவிடும், விறகு மீதியைச் செய்யட்டும். அதற்கும் மானியம் வேண்டும். புளிக்கும் ராகிக்கும் ஊருக்கு ஒரு பொதுக் களம் வேண்டும்.

பாப்பாரப்பட்டிப் பக்கமும் காரிமங்கலம் பக்கமும் இன்னும் பழைய கிணறுகள் இருக்கின்றன. முள் அடைத்து, குப்பை விழுந்து, ஒரு சுவர் சரிந்து கிடந்தாலும் நல்ல மழைக்குப் பின் தண்ணீர் நிற்கிறது. அவற்றையும், அவற்றுக்கு மேலுள்ள ஏரிகளையும் தூர்வாரினால் நீர்மட்டம் ஏறும் ஒவ்வோர் அடிக்கும் பம்பின் சுமை குறையும். தூர்வாரும் கூலியை எரிசக்தித் துறையின் செலவில் எழுதச் சொல்லி ஊராட்சிகள் கேட்கலாம். கேட்பதற்கு முழு நியாயமும் இருக்கிறது.